கேலாங்கில் ஒரு சாக்ஸைப் பிரித்துப் பின்னியபோது

அம்மாஜி சாக்ஸைக் கையில் வாங்கவே இல்லை. முதலில் காலைத்தான் பார்த்தார்.

"ஷூவைக் கழற்று மகளே. இப்படி வந்து நில்லு."

நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டினேன். அது ஆகாதாம், நின்றுதான் காட்ட வேண்டுமாம். உடம்பின் எடை இறங்கும்போது பாதம் பரவும், கொஞ்சம் நீளவும் செய்யும். உட்கார்ந்த காலை அளந்து பின்னுகிற சாக்ஸ் உட்கார்ந்திருக்கும் வரைதான் சரியாக இருக்கும் என்றார். குளிர்ந்த பலகைத் தரையில் நின்றேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குனிந்து, என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மருமகளிடம் உள்ளூர்ப் புனன் மொழியில் ஏதோ சொல்ல, அந்தப் பெண் சிரித்துவிட்டாள். என்ன என்று கேட்டேன். "உங்க ஊர்க் காலெல்லாம் விசிறி மாதிரி விரிஞ்சிருக்குமாம்" என்று ஹிந்தியில் மொழிபெயர்த்தாள். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் அப்படித்தான் இருக்கும். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது கேலாங். கடைத்தெருவுக்கு மேல் சந்தில் சாக்ஸ் பின்னும் அம்மாஜியின் வீடு. ஜன்னல் வழியே கீழே பாகா ஆறும், எதிர்க்கரை மலையில் கர்தாங் மடாலயமும் தெரியும். அறை நடுவில் விறகு எரிக்கும் இரும்புத் தந்தூர் அடுப்பு, அதன்மேல் எந்நேரமும் ஒரு கெட்டில். உருளைக்கிழங்கு எடுத்து முடித்துவிட்ட காலம். வயல் வேலை ஓய்ந்ததும் ஊசி எடுப்பதுதான் இங்கே வழக்கம். மதிய வெயில் விழும் திண்ணையில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தால் மூன்று பேர் கையிலும் ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கொண்டுபோனவை இரண்டு ஜோடி. இந்தப் பக்கம் சுற்றுலா வந்த நண்பர் ஒருவர் எனக்கும் கணவருக்கும் பரிசாக வாங்கி வந்தவை. என்னுடையது சாயமிடாத வெண்பழுப்புக் கம்பளியில் பின்னியது, கணுக்காலுக்கு மேல் மட்டும் சிவப்பு, பச்சை, மஞ்சளில் ஒரு பட்டை. நீளம் போதாமல் பெருவிரல் மடங்கும். மேல் ஓரமோ தொளதொளவென்று இருந்து, பத்தடி நடப்பதற்குள் கணுக்காலில் வந்து விழுந்துவிடும். கணவருடையது பாதம் முழுக்கப் பூவேலை. அது குதிகாலைத் தாண்டி ஏறவே இல்லை. வாங்கி வந்தவரைக் குறை சொல்ல முடியாது. கடைக்காரர் அவரிடம் முஷ்டியைச் சுற்றிக் காட்டித்தான் விற்றிருக்கிறார்.

நம் ஊர்க் கடைகளிலும் இது உண்டு. கையை மூடச் சொல்லி, சாக்ஸின் பாதப் பகுதியை முஷ்டியைச் சுற்றிப் பிடித்து, குதிகாலும் நுனியும் சந்தித்தால் சரி என்பார்கள். அம்மாஜிக்கு இந்தக் கணக்கில் பாதி நம்பிக்கைதான் இருக்கிறது. முஷ்டி நீளத்தைத் தோராயமாகச் சொல்லும். அகலத்தைச் சொல்லாது, புறங்கால் மேட்டின் உயரத்தைச் சொல்லாது. கடையில் விற்கும் மெஷின் சாக்ஸுக்கு அது போதும். அதில் ரப்பர் தன்மையுள்ள இழை கலந்திருக்கிறது; எந்தக் காலையும் பிடித்து இழுத்துத் தனக்குள் அடக்கிவிடும். வெறும் கம்பளியில் அந்த வேலையைக் கண்ணிகளின் எண்ணிக்கைதான் செய்ய வேண்டும். அதனால்தான் கையால் பின்னிய சாக்ஸ் ஒருவர் காலுக்குப் பொருந்தி அடுத்தவர் காலில் சொதப்புகிறது. ஆனால் அதே காரணத்தால் அதைப் பிரித்துச் சரிசெய்யவும் முடியும். மெஷின் சாக்ஸில் அது நடக்காது.

அம்மாஜி அளவு நாடா எடுத்தார். விரல்களின் அடிப்பக்கம் பாதம் எங்கே மிக அகலமோ அங்கே ஒரு சுற்று. குதிகாலின் நுனியிலிருந்து கணுக்காலின் முன்மடிப்பு வரை சாய்வாக ஒரு சுற்று. கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே ஒரு சுற்று. கடைசியாக நீளம். "நடுச் சுற்றளவைத்தான் யாரும் எடுக்க மாட்டார்கள், அதில்தான் எல்லாம் கெடும்" என்றார். அளந்த எதையும் அப்படியே பின்னுவதில்லை. சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு போலக் குறைத்துக்கொள்கிறார். காலில் ஏறும்போது இழுபட்டு ஒட்டி நிற்க அந்தக் குறைவுதான் காரணம். காலளவுக்குச் சமமாகப் பின்னினால் நடக்க நடக்கச் சுருக்கம் விழுந்து கொப்புளம் வரும்.

முதல் வேலை என் பெருவிரல். சாக்ஸை உள்புறம் வெளியாகத் திருப்பி, நுனியில் ஒளித்து வைத்திருந்த நூல்வாலை ஊசி முனையால் நெம்பி எடுத்தார். இந்த ஜோடி மேலிருந்து கீழாகப் பின்னப்பட்டது. அதாவது, முதலில் கணைக்கால் ஓரம், கடைசியில் விரல்நுனி. பின்னல் கடைசியில் முடித்த இடத்திலிருந்துதான் பிரியும்; ஆகவே நுனியைத் திறப்பது சுலபம். முடிச்சை விடுவித்து நூலை இழுத்ததும் வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்தது. கண்ணி குறைக்கத் தொடங்கிய இடம் வரும்வரை பிரித்தார். அங்கே நிறுத்தி, அந்தரத்தில் நின்ற 56 கண்ணிகளையும் நாலு ஊசிகளில் பதினாலு பதினாலாகக் கோத்துக்கொண்டார். ஐந்தாவது ஊசி பின்னுவதற்கு. இரு முனையும் கூரான குட்டை ஊசிகள். பிடித்துப் பிடித்து வழவழப்பாகிவிட்டவை.

பிரித்த நூல் சுருள் சுருளாகக் கிடந்தது. அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒன்றுபோல் வராதாம். கெட்டிலின் மூக்கிலிருந்து வரும் ஆவியில் அதை இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துக் காட்ட, சுருக்கம் கண் முன்னாலேயே நீங்கியது. நீளத்தைக் கூட்ட இந்த நூல் போதாது. மருமகள் ஒரு பையைக் கொட்டி, ஏறக்குறைய அதே நிறத்தில் ஒரு சிறு உருண்டையைத் தேடி எடுத்தாள். இரண்டு நூலையும் இணைத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இரு முனைகளையும் கொஞ்சம் பஞ்சாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையில் எச்சில் தொட்டு, சூடு ஏறும்வரை தேய்த்தார். கம்பளி இழைகளில் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் உரசலும் பட்டால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். முடிச்சே இல்லாமல் நூல் ஒன்றாகிவிட்டது. விரலடியில் முடிச்சு இருந்தால் மலை ஏறும்போது அதன் அருமை தெரியும் என்றார். எச்சிலைப் பார்த்து நான் முகம் சுளித்தேனோ என்னவோ, "துவைத்துத்தானே தரப் போகிறேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய பின்னலில் ஒரு அங்குலத்துக்கு ஆறு கண்ணி, எட்டுச் சுற்று வருகிறது. எனக்குப் போதாத நீளம் ஏறத்தாழ ஒரு அங்குலம். எட்டுச் சுற்று கூட்டுவார் என்று நினைத்தேன், ஆறோடு நிறுத்திவிட்டார். பாக்கியைக் கால் இழுத்துக்கொள்ளும். மேலும், குறை நீளத்தில் மட்டும் இல்லை, நுனியின் வடிவத்திலும் இருந்தது. பழைய நுனி நாலு பக்கமும் சமமாகக் குறைத்து, கடைசி எட்டுக் கண்ணியை நூலில் கோத்து இழுத்து மூடப்பட்டிருந்தது. பார்க்க அழகாகக் கூம்பி இருக்கும். கூம்பிய பாதம் யாருக்கு இருக்கிறது? அவர் இரண்டு ஓரங்களில் மட்டும் குறைத்தார். முதலில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று நிதானமாக, பிறகு சுற்றுக்குச் சுற்று. 24 கண்ணி மிஞ்சியபோது மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டாக இரண்டு ஊசிகளை அருகருகே பிடித்து, தையல் ஊசியில் நூலைக் கோத்து, பின்னல் போகும் பாதையிலேயே நுழைத்து நுழைத்து இரண்டையும் மூடினார். எங்கே தைத்தார் என்று விரலால் தடவியும் கண்டுபிடிக்க முடியவில்லை. நுனி அகலமாக, மொண்ணையாக வந்தது.

பெருவிரல் பக்கம் குறைப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, சுண்டுவிரல் பக்கம் முன்னதாகவே தொடங்கியதையும் கவனித்தேன். இதனால் இடது, வலது என்று சாக்ஸ் பிரிந்துவிடுகிறது. மாற்றிப் போடாமல் இருக்க, வலதுகால் சாக்ஸின் உள்ளே சிவப்பு நூலில் ஒரு தையல் போட்டு வைத்தார். செருப்புக்கு இடது வலது கேட்கிற நாம் சாக்ஸுக்குக் கேட்பதே இல்லை.

அடுத்து மேல் ஓரம். அது தொடக்க ஓரம், அந்தப் பக்கமிருந்து பிரிக்க முடியாது. சீதா (நேர்க் கண்ணி), உல்டா (தலைகீழ்க் கண்ணி) என்று மாற்றி மாற்றிப் போட்ட வரிப்பின்னலில் நூல் கண்ணிகளுக்குள் சிக்கிக்கொள்ளும். "அப்படியானால்?" என்றேன். பதில் சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்தார். வரிப்பின்னல் முடிந்து சாதாப் பின்னல் தொடங்குகிற வரிசையில், ஓர் ஓரமாக, ஒரே ஒரு கண்ணியை வெட்டினார். என் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. அவர் வெட்டிய நூலை ஊசி முனையால் கண்ணி கண்ணியாக உருவிக்கொண்டே போக, சாக்ஸ் இரண்டாகப் பிரிந்தது. கழன்ற ஓரம் ஒரு வளையமாக மடியில் விழுந்தது. கீழ்ப் பாதியில் 56 கண்ணிகள் வாய் திறந்து நின்றன. ஒன்றும் அவிழ்ந்து ஓடவில்லை. கம்பளிக்குச் சொரசொரப்பு இருப்பதால் கண்ணி அவசரப்பட்டு ஓடாதாம். பட்டு நூலிலோ வழுக்கும் அக்ரிலிக்கிலோ இந்தத் துணிச்சல் வேண்டாம் என்று எச்சரித்தார்.

இனி மேல்நோக்கிப் பின்ன வேண்டும். ஐந்து கண்ணி பின்னி, அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, இப்படியே சுற்றி வர 56 கண்ணி 48 ஆனது. ஊசியையும் மெல்லியதாக மாற்றிக்கொண்டார். இரண்டு சீதா, இரண்டு உல்டா. திசை மாறிப் பின்னும்போது பழைய பின்னலுக்கும் புதியதற்கும் இடையே அரைக் கண்ணி விலகல் வரும். அது வரிப்பின்னலின் நடுவே வந்தால் கோணலாகத் தெரியும், எல்லையில் வந்தால் தெரியாது. வெட்டும் இடத்தை அவர் தேடித் தேர்ந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. முடிக்கும்போது மட்டும் தடித்த ஊசியை எடுத்தார். மூடும் வரிசை இறுகினால் சாக்ஸ் குதிகாலிலேயே சிக்கும், ஏறினாலும் கணைக்காலில் தழும்பு விழும்.

சிலர் இதற்கெல்லாம் பொறுமையில்லாமல் ஓரத்துக்குள் எலாஸ்டிக் நூலை ஓட்டிவிடுகிறார்கள். மருமகளும் அந்தக் கட்சிதான். கடைக்குக் கொடுப்பதற்கு அது போதும் என்றாள். மாமியார் உதட்டைப் பிதுக்கினார். என்னைக் கேட்டால், அவசரத்துக்கு எலாஸ்டிக் பாவமில்லை. ஆனால் நாள்பட்டால் அது தளர்ந்து ஓரம் அலை அலையாக நிற்கும்.

நடுவில் தேநீர் வந்தது. இந்த ஊருக்குச் சாக்ஸ் வந்த கதையும் கூடவே வந்தது. கம்பளி நூற்பதும் நெய்வதும் லாஹௌலில் பழைய பழக்கம். ஊசியால் பின்னுவது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மொரேவியக் கிறிஸ்தவ சபையாருடன் வந்தது என்பதுதான் இங்கே சொல்லப்படும் வரலாறு. 1850களில் வில்ஹெல்ம் ஹைடேயும் எட்வர்ட் பாகெலும் கேலாங்கில் வீடு கட்டிக் குடியேறினார்கள். 1859இல் ஹைடேயை மணக்க வந்து சேர்ந்தவர் மரியா. தென்னமெரிக்காவின் சூரிநாமில் பிறந்து, ஜெர்மனியில் வளர்ந்து, இமயமலைக்கு வாழ்க்கைப்பட்டவர். உள்ளூர்ப் பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மதம் மாறியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. சாக்ஸ் மட்டும் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. கற்ற பெண்கள் அதில் தங்கள் நிறங்களையும் பூக்களையும் ஏற்றி ஜெர்மனிக்கு அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிட்டார்கள். 2021இல் லாஹௌலின் கைப்பின்னல் சாக்ஸும் கையுறையும் புவிசார் குறியீடு பெற்றன. இதே மொரேவிய சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, 'சகோதரர் தோட்டம்' அமைத்து, சுமார் நாற்பது ஆண்டுகள் இருந்து பார்த்துவிட்டுப் போனவர்கள். அங்கே அவர்களிடம் சாக்ஸ் கற்றுக்கொள்ள யாருக்கும் தேவை இருந்திருக்காது.

கணவரின் ஜோடிக்கு வந்தோம். "மகனே, நீ போட்டுக் காட்டு" என்று அவரிடம் சொன்னார் அம்மாஜி. முன்பாதம் நுழைந்தது. குதிகால் வளைவில் வந்ததும் நின்றுவிட்டது. இன்னும் இழுக்கப் போனவரைக் கையால் தடுத்து, கழற்றச் சொல்லி, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பூவேலை செய்யும்போது ஒரு நிறம் முன்னால் பின்னப்பட, மற்ற நிறம் பின்னால் சும்மா தாண்டிக்கொண்டு போகும். அப்படித் தாண்டும் நூல்கள் உள்ளே குறுக்குக் கம்பிகளாகத் தெரிந்தன. எல்லாம் விறைப்பு. கண்ணி விரிந்து கொடுக்கும், குறுக்கே ஓடும் நூல் கொடுக்காது. பின்னியவர் ஊசியில் கண்ணிகளை அகட்டி வைத்துக்கொண்டு நூலைத் தளர்வாகத் தாண்டவிட்டிருந்தால் இதே கண்ணி எண்ணிக்கையில் இந்தக் கால் நுழைந்திருக்கும். அவசரத்தில் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். பூ தெளிவாக வந்திருக்கிறது, சாக்ஸ் வீணாகிவிட்டது.

நனைத்து மரப்பலகையில் மாட்டிக் காயவைத்தால் விரியாதா என்று கேட்டேன். சாதாப் பின்னலாக இருந்தால் கொஞ்சம் விரியும், அடுத்த துவையலில் திரும்பச் சுருங்கும். இதில் அதுவும் நடக்காது. குதிகாலிலிருந்து பிரித்துப் பின்னினால்? அதற்குப் பாதம் முழுவதையும், அத்தனை பூவையும் பிரிக்க வேண்டும். அதற்குப் புதிதாகவே பின்னிவிடலாம். "இது சின்னக் கால்காரர் யாருக்காவது போகட்டும். உனக்கு வேறு பின்னுகிறேன்" என்று முடிவு சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கறார் பிடித்திருந்தது. ஆகாததை ஆகாது என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் ஆகும் என்பதையும் நம்பலாம்.

புதியதில் என்ன மாற்றுவார் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். வழக்கமாக மொத்தக் கண்ணிகளில் பாதியை, அதாவது 28ஐ, எடுத்து 28 வரிசை முன்னும் பின்னுமாகப் பின்னிக் குதிகாலுக்குப் பட்டை செய்வார். பட்டையின் ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் இரண்டு வரிசைக்கு ஒன்றாகப் பதினாலு கண்ணி எடுத்துப் பாதத்தோடு சேர்ப்பார். புறங்கால் மேடு உயரமாக இருப்பவருக்குப் பட்டை 36 வரிசை. விளிம்புக்குப் பதினெட்டுக் கண்ணி. பக்கத்துக்கு நாலு கண்ணிதான் கூடுகிறது. அந்த நாலு கண்ணியில்தான் சாக்ஸ் ஏறுவதும் ஏறாததும் இருக்கிறது. குதிகாலின் மேலே பூவே போடக் கூடாது, நுனியிலும் கூடாது. பூவெல்லாம் கணைக்காலில் இருக்கட்டும், ஷூவுக்கு வெளியே தெரிகிற இடமும் அதுதானே என்றார்.

சாக்ஸ் பெரிதாக இருந்தால் செய்கிற வைத்தியம் வேறு. வெந்நீரும் சோப்பும் போட்டுக் கசக்கினால் கம்பளி சுருங்கி இறுகும். நூல் இணைக்க உள்ளங்கையில் தேய்த்த அதே தந்திரம். ஆனால் பின்னல் துணி அகலத்தைவிட நீளத்தில் அதிகம் சுருங்கும். அகலம் மட்டும் கூடுதலான சாக்ஸை வெந்நீரில் போட்டால் குட்டையாகவும் தொளதொளப்பாகவும் வந்து நிற்கும். போனது திரும்பாது. எனவே நீளம் கூடியதற்கு மட்டுமே வெந்நீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே காலில் போட்டுப் பார்த்து. அக்ரிலிக் நூலென்றால் எவ்வளவு கசக்கினாலும் சுருங்காது. மணாலிக் கடைகளில் தொங்குபவற்றில் அக்ரிலிக்கும் கலந்தே இருக்கிறது. ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: கம்பளி முடி கருகும் நாற்றமடித்துப் பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும்.

ரோதாங் கணவாய் மட்டுமே வழியாக இருந்த காலத்தில் பனிக்காலம் முழுக்க இந்தப் பள்ளத்தாக்கு வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மணாலியிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் கேலாங் வந்துவிடலாம். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பக்கம் போனால் சாக்ஸைப் பொட்டலமாக வாங்கி வராதீர்கள். பின்னுகிறவர் முன்னால் நின்று போட்டுப் பாருங்கள். விரல் இடிக்கிறது, ஓரம் நழுவுகிறது என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே சரிசெய்துவிட முடியும். பின்னாளில் ஒட்டுப்போட உதவும், அதே நூலில் ஒரு முழம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பூவேலை செய்த ஜோடி ஒன்று பின்ன, வீட்டு வேலைகளுக்கு நடுவே நாலைந்து நாள் ஆகிறது என்றார் அம்மாஜி. பிரித்துச் சரிசெய்வதற்கும் ஒரு பகல் போகிறது. அதற்குக் கூலி கேட்க அவர்கள் தயங்குவார்கள். நீங்களாகவே கொடுத்துவிடுங்கள்.